செடிக்கு லீவா, டீச்சர்?

போன மாதம் ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிலரங்கு நடந்தது. அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கானது. பணி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் நான் பேசியது கொஞ்சம்தான். தேநீர் வேளையில் ஷாலினி என்ற ஆசிரியை மீகூன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றி யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், உங்க காலத்துலயும் இதே மாதிரி திடீர்னுதானே இங்கிலீஷ்ல சொல்லிக்குடுக்கச் சொன்னாங்க? உங்களுக்கு அப்ப இங்கிலீஷ் நல்லா வருமா?”

“வராதும்மா.”

“அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?”

“பயந்து பயந்துதான்.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்குள் அடுத்த அங்கத்துக்கு அழைத்துவிட்டார்கள். ஆனால் நான் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. அந்தப் பயத்தால் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது. என்னைவிட ஒரு சின்னப் பெண்ணுக்கு அதிகம் கிடைத்தது. தேநீர் வேளையில் சொல்லி முடிக்க முடியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் திரேசா. செமோருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் தடுமாறித் தேறி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் தேர்வுத் தாளைத் தாண்டி வரவில்லை. வாய்விட்டுப் பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தெலுக் இந்தான் பக்கம் சில ஆண்டுகள் வேலை செய்தேன். சேவியரைக் கல்யாணம் செய்துகொண்டு ஜெலாப்பாங்கில் குடியேறினேன். பிறகு செமோரை ஒட்டிய ஒரு தோட்டப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. என் மீதிப் பணிக்காலம் பெரும்பாலும் அங்கேதான் கழிந்தது.

தோட்டப் பள்ளி என்று பெயர்தான். பால்மரங்களை எப்போதோ வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகளில் ஆளில்லை. குடும்பங்கள் எல்லாம் செமோரின் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் மட்டும் காலையில் வேனில் ஏறி, செம்பனைக்கு நடுவே உள்ள செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் வேனில் இடம் கொஞ்சம் அதிகமாகக் காலியாக இருக்கும். பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எப்போதும் ஒரு மூலையில் இருந்தது.

ஒன்றாம் ஆண்டிலிருந்து அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தது அந்தக் காலத்தில்தான். ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். தேநீரோடு தந்த கறிபாப் நன்றாக இருந்தது. பயிற்சி கொடுத்தவர் வேகமாகப் பேசினார். எனக்குப் புரிந்ததெல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் என்னைப் போலவே பயந்திருக்கிறார்கள் என்பதுதான். திரும்பும்போது ஒரு மடிக்கணினியும், படம் காட்டும் கருவியும், பாடங்கள் அடங்கிய வட்டுகளும் கொடுத்தனுப்பினார்கள்.

சேவியர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். சீன நண்பர்களோடு பேசிப் பேசி அவருக்கு ஆங்கிலம் நாக்கில் புரளும். சாப்பாட்டு மேசையில் அவர்தான் என் ஆசிரியர்.

“ஸ்டெம். முன்னால ‘இ’ போடாத. இஸ்டெம் இல்ல, ஸ்டெம்.”

“அதைத்தான லா சொல்றேன்.”

“நீ சொல்றது இஸ்கூல், இஸ்டெம், இஸ்டாம்பு. பல்லைச் சேத்துக்கிட்டுப் பாம்பு மாதிரி ஆரம்பி.”

காலையில் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டே செமோர் வரைக்கும் போவேன். சமிக்ஞை விளக்கில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தாவரங்கள் என்ற பாடத்தை முதலில் வட்டைப் போட்டுத்தான் தொடங்கினேன். திரையில் அழகான ஒரு செடி வந்தது. எங்கோ தூர தேசத்துக் குரல் ஒன்று அதன் பாகங்களைச் சொன்னது. குரல் சொல்லச் சொல்ல ஓர் அம்புக்குறி செடியின் மீது ஓடியது. பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். பாடம் இத்தனை சுலபமா என்று நான் நிம்மதியாக இருந்தேன். முடிந்ததும் கேள்வி உண்டா என்றேன். அகிலன் என்ற துடுக்குப் பையன் கை தூக்கினான்.

“டீச்சர், அந்த அம்பு கடைசியா எங்க போச்சு?”

வகுப்பு முழுக்க அம்பைத்தான் பார்த்திருக்கிறது.

எங்கள் தலைமையாசிரியர் குணசேகரன் அன்று வகுப்பின் பின்வரிசையில் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடிய உருவம். வகுப்பைப் பார்க்க வந்தால் பெரிய நாற்காலி போடச் சொல்ல மாட்டார். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையின் நாற்காலியிலேயே, முழங்கால்கள் மார்புக்கு வர உட்கார்ந்துகொள்வார். பேனாவைத் தொட மாட்டார். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரை ஒரு வார்த்தை திருத்த மாட்டார். அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் நான் தடுமாறி நின்ற எந்த நேரத்திலும் எழுந்து வந்து பாடத்தைத் தன் கையில் எடுத்ததில்லை. பாடம் முடிந்த பிறகு, சிற்றுண்டிச்சாலையில் பாலில்லாத கோப்பி ஓ குடிக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். அதுவும் “ஒரு சந்தேகம் டீச்சர்” என்றுதான் தொடங்கும்.

“ஒரு சந்தேகம் டீச்சர். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது நல்ல செடிதான். நம்ம பள்ளிக்கூடத்துப் பின்னால இருக்கிற செடி என்ன பாவம் பண்ணிச்சு?”

பின்னால் காசித்தும்பைப் பாத்தி ஒன்று இருந்தது. காலையில் கூட்டம் தொடங்குமுன் அவரே மண்வெட்டியோடு நின்று வளர்த்த பாத்தி. மறுநாளிலிருந்து பெட்டியை ஓரம் வைத்தேன்.

செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் தண்டு கையோடு வந்துவிடும்; மெல்லிய வேர்கள் மண்ணிலேயே தங்கிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊற விட வேண்டும். கரண்டியால் சுற்றிலும் ஆழமாகக் குத்தி, மண் கட்டியோடு தூக்க வேண்டும். அதை வாளித் தண்ணீரில் இறக்கி, துணி அலசுவதுபோல அல்லாமல் சும்மா அசைத்துக்கொண்டே இருந்தால் மண் தானாகக் கரைந்து போகும். வெள்ளை வேர்கள் முடி மாதிரி விரியும். பழைய செய்தித்தாளில் செடியைக் கிடத்திப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைப்பேன். பக்கத்திலேயே ஒரு பிடி லாலாங் புல்லும் இருக்கும். காசித்தும்பைக்கு நடுவில் ஓர் ஆணிவேர், புல்லுக்குச் சிக்குப் பிடித்த சல்லிவேர். காசித்தும்பையின் தண்டு கண்ணாடி மாதிரி. பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கரைத்து அதில் ஒரு கிளையை நிறுத்தினால், ஓய்வு வேளைக்குப் போய் வருவதற்குள் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் ஏறியிருக்கும். அதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அம்பைத் தேடியதில்லை.

சொற்களைச் சொல்லும் முறைதான் என் பயத்திலிருந்து பிறந்தது. தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சி நான் ஒரு விதி வைத்திருந்தேன். முதலில் பார்க்க வேண்டும். பிறகு விரலால் தொட வேண்டும். பிறகு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் சத்தம் போடக் கூடாது. அந்த நேரத்தில் நான் மனத்துக்குள் சேவியர் சொன்ன உச்சரிப்பை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். பிறகு கையை உயர்த்துவேன். எல்லாரும் சேர்ந்து சொல்வோம். “ரூட்.” மறுபடியும் ஒரு மௌனம். “ஸ்டெம்.” மாதா கோயிலில் செபமாலை சொல்வதுபோல இருக்கும்.

தமாஷுக்கும் குறைவில்லை. பெட்டல் என்றால் பிள்ளைகள் சைக்கிளை மிதித்துக் காட்டினார்கள். ஷூட் என்றால் கோல் போட்டார்கள். “தி பிளாண்ட் ஹேஸ் லீவ்ஸ்” என்று நான் சொன்ன அன்று வகுப்பே குழம்பிவிட்டது.

“செடிக்கு லீவா, டீச்சர்?” என்று கேட்டான் அகிலன்.

“அப்ப நமக்கு?” என்றது இன்னொரு குரல்.

இந்த வகுப்பில்தான் கோமதி இருந்தாள்.

கோமதியின் அப்பா ராஜன் கல் உடைக்கும் மலையிலிருந்து லோரி ஓட்டுகிறவர். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கோமதிக்கு ஏழு வயது. பள்ளி தொடங்கி வெகு நாள் வரை அவள் தனியாக ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்து நான் கேட்டதே இல்லை. பேர் கேட்டால் பக்கத்துப் பிள்ளை சொல்லும். புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள். ‘அ’ என்ற எழுத்தில் வாய் திறந்தபடி மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு இறுகும். கண்களை மூடிக்கொள்வாள். யாராவது அந்த வார்த்தையை முடித்துவிடுவார்கள். அவள் உட்கார்ந்துகொள்வாள். திக்குவாய் என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்ததில்லை. அதை நான் அனுமதித்ததும் இல்லை. எல்லாரும் அவளுக்கு உதவினார்கள். நானும்தான். அவள் ஆரம்பிப்பதை நான் முடிப்பேன். இரக்கம் என்று நினைத்துச் செய்தது.

ஒரு நாள் இடைவேளையில் பாத்திப் பக்கம் போனேன். கோமதி தனியாகக் குந்தியிருந்தாள். ஒரு செடியைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

“திஸ் இஸ் தி ஸ்டெம். திஸ் இஸ் தி லீஃப். திஸ் இஸ் தி ஃபிளவர்.”

ஒரு சிக்கல் இல்லை. நீரோடை மாதிரி வந்தது. என் காலடி கேட்டுத் திரும்பினாள்.

“என்னம்மா பண்ற?” என்றேன்.

“செ... செ... செ...” என்று நின்றுவிட்டாள்.

அடுத்த அறிவியல் பாடத்தில் அவளைத் தனியாகச் சொல்லச் சொன்னேன். பார்த்தாள், தொட்டாள், வாய்க்குள் வைத்துக்கொண்டாள், நான் கையை உயர்த்தினேன். “திஸ் இஸ் தி ரூட்” என்றாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அகிலன் கைதட்டினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் சேவியரிடம் சொன்னேன். “வேற பாஷைன்னா அந்தப் பயம் தெரியாது போல இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ராஜனைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். மகளைச் சிறப்பு வகுப்பில் போடு என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருப்பதாக வேன்காரர் மூலம் கேள்விப்பட்டிருந்தேன். அவர் கல் தூசி படிந்த சட்டையோடு வந்து, உள்ளே வர மறுத்து, சன்னலுக்கு வெளியே நின்று பாடத்தைப் பார்த்தார். கோமதி ஒவ்வொரு பாகமாகச் சொன்னாள். ராஜன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பாடம் முடிந்து வெளியே போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், எம் மவ வாயத் தொறந்து இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல.”

“அதுக்குத்தான் வரச் சொன்னேன் அண்ணே. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல.”

“ஆமா. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். அவளுக்குத் தமிழ்தான் வரல. இங்கிலீஷ் நல்லா வருது.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப இங்க கெடந்து எதுக்கு டீச்சர் சூசா, கஷ்டம்? டவுன்ல மலாயும் இங்கிலீஷும் நடக்குற தேசியப் பள்ளிக்கு மாத்திடுறேன். தமிழ் பேசுனாத்தான அவளுக்குத் தொல்ல?”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானே அப்படித்தானே நம்பியிருந்தேன். ஆனால் வீட்டில் அம்மா தமிழ் பேசுகிறாள், அப்பா தமிழ் பேசுகிறார், பாட்டு தமிழ், சண்டை தமிழ். அதையெல்லாம் அந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைக்கும்? அதோடு, ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு பிள்ளை குறைந்தாலும் எங்கள் பள்ளிக்கு அது பெரிய இழப்பு.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் ராஜனைக் கூப்பிட்டுப் பேசி எப்படியாவது நிறுத்திவைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நாளைக்கு உங்க தமிழ்ப் பாடத்துக்கும் வாரேன், அறிவியல் பாடத்துக்கும் வாரேன்” என்றார். சின்னப் பள்ளி என்பதால் அந்த வகுப்புக்கு இரண்டு பாடத்தையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி இரண்டு பாடத்திலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சிற்றுண்டிச்சாலையில் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

“ஒரு சந்தேகம் டீச்சர். அறிவியல் பாடத்துல நீங்க ஏன் அவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?”

“வார்த்தை வரணுமே சார். ஒவ்வொண்ணையும் யோசிச்சில்ல சொல்ல வேண்டியிருக்கு.”

“பிள்ளைங்களையும் காக்க வைக்கிறீங்க.”

“எனக்கே நேரம் வேணுமே சார்.”

“தமிழ்ப் பாடத்துல?”

“தமிழ் எனக்குத் தானா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பழக்கமே அதுதான். முடிவை நம் கையில் விட்டுவிடுவார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப் பாடத்தில் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதை முதல் தடவையாக மனத்துக்குள் ஓட்டிக் கேட்டேன். கேள்வி கேட்பேன், கேட்டு முடிக்குமுன் அகிலன் பதில் சொல்வான், அதற்குமேல் நான் ஒன்று சொல்வேன், யாராவது தயங்கினால் பதிலை நானே எடுத்துக் கொடுப்பேன். கலகலப்பான வகுப்பு என்று எனக்குப் பேர். அந்த ஓட்டத்தில் கோமதி கால் வைக்க இடமே இல்லை. ஆங்கிலத்தில் ஆசிரியைக்கே திக்கல். அதனால் வகுப்பு முழுக்க நின்று நின்று நடந்தது. எல்லாரும் நிற்கும் இடத்தில் அவளும் நிற்கலாம். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் மழைக்கு முன்னே பாத்தி வேலையை முடிக்க வேண்டுமென்று நான் அவசரப்படுத்தியபோது, கோமதி ஆங்கிலத்திலும் “ஸ்... ஸ்...” என்று மாட்டிக்கொண்டாள். அப்போது அதை நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

ராஜனைத் தலைமையாசிரியர் மறுபடியும் வரவழைத்தார். “மாத்துறது உங்க உரிமை. நான் தடுக்க மாட்டேன். ஒரு பள்ளித் தவணை மட்டும் பொறுங்க. பள்ளி விடுமுறை விடுற அன்னைக்கு வாங்க. அப்பவும் இதே எண்ணம் இருந்தா நானே டவுன் பள்ளிக்குப் பேசி இடம் வாங்கித் தாரேன்” என்றார். ராஜன் அரை மனதாகச் சம்மதித்தார்.

தெரிந்த மொழியில் மெதுவாகப் பேசுவது, தெரியாத மொழியில் பேசுவதைவிடக் கஷ்டம். அந்தத் தவணையில்தான் இதைக் கற்றேன். தமிழ்ப் பாடத்திலும் செடியையே கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பார், தொடு, வாய்க்குள் வைத்துக்கொள், கை உயர்ந்ததும் சொல். வேர், தண்டு, இலை, மொட்டு, பூ, காய். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வரும் மௌனத்தில் எனக்கு நாக்கு துடிக்கும். அகிலனுக்கு என்னைவிட அதிகம் துடிக்கும். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பான். யார் பேசினாலும், எவ்வளவு நேரம் ஆனாலும், இன்னொருவர் அதை முடிக்கக் கூடாது என்றேன். பிள்ளைகள் என்னையே பிடித்துவிட்டார்கள். “டீச்சர், நீங்க முடிச்சிட்டீங்க” என்று அகிலன் சொல்லிக்காட்டுவான்.

முதல் சில வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போது கோமதியின் உதடு அசையும். தனியாக என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் வற்புறுத்தவில்லை. அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னத் தகர டின்னில் காசித்தும்பை விதை போடச் சொன்னோம். தினமும் காலையில் தன் செடியைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, செடியைத் தூக்கிக் காட்டினால் போதும். கோமதி தினமும் தூக்கிக் காட்டினாள்.

ஒரு காலையில் டின்னைத் தூக்கிப் பிடித்தவள் கீழே வைக்காமல் நின்றாள்.

“மொ... மொ...”

கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு இறுகியது. செடியில் மொட்டு விட்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அகிலன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வெளியே செம்பனை லோரி ஒன்று போய் மறைந்தது. கோமதி கண்ணைத் திறந்தாள். நாங்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு விரலை மொட்டின் மேல் வைத்தாள்.

“மொ... மொட்டு வந்திருச்சு டீச்சர்.”

யாரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த பையன் தன் டின்னைத் தூக்கினான்.

அதற்காக அவள் திக்கல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போகவில்லை. சில நாள் அதிகம், சில நாள் குறைவு. ஆனால் கண்ணை மூடுவது குறைந்தது. திக்கினாலும் சொல்லி முடிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் அகிலனோடு சண்டை போட்டாள், நல்ல தமிழில், திக்கித் திக்கி. தான் திட்டு வாங்கி முடியும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று நான் சிரித்தேன்.

விடுமுறை விடும் அன்று ராஜன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் அறையில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தோம். கோமதி அம்மாவின் மடியை ஒட்டி நின்றாள்.

“சார், வீட்டுல கொஞ்சம் பேசுறா. பொய் சொல்லக் கூடாது” என்றார் ராஜன். “ஆனா தமிழ்ல திக்கத்தான் செய்றா. இங்கிலீஷ்னா நல்லாச் சொல்றா. அதான் இன்னும் மனசு ஒரு நிலைக்கு வரல.”

“இங்கிலீஷ்லயும் திக்குவா” என்றார் தலைமையாசிரியர். “பேச்சு நீளமானா, அவசரப்படுத்துனா, மலாய்லயும் திக்குவா. எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது கூடவே வரும். அவ பேசி முடிக்கிற வரைக்கும் எங்க காத்திருக்காங்களோ, அந்தப் பள்ளியில போடுங்க. அது டவுன்ல இருந்தாலும் சரி.”

ராஜன் மகளைப் பார்த்தார். “நீயே சொல்லும்மா. எங்க படிக்கிற? டவுனுக்குப் போறியா?”

“இ... இ...”

“இங்கயே இரு...” என்று ராஜன் ஆரம்பித்தார். தலைமையாசிரியர் கையை லேசாகத் தூக்கினார். ராஜன் நிறுத்திக்கொண்டார். மகள் பேசும்போது அந்த மனிதர் ஒன்றும் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இ... இங்கதான்பா. என் செ... செடி இங்க இருக்கு.”

அம்மா அவள் தலையைத் தடவினாள். ராஜன் தலையாட்டிவிட்டு வெளியே போய் லோரிப் பக்கம் நின்று சிகரெட் பற்ற வைத்தார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கோமதி வேனில் வந்து இறங்கினாள்.

பிறகு உத்தரவு மாறி அறிவியல் தமிழுக்குத் திரும்பியது. இப்போது சில பள்ளிகளில் மறுபடியும் ஆங்கிலம். எது சரி என்று என்னைக் கேட்கிறார்கள். கொடி பிடிக்க எனக்குத் தெம்பில்லை. வேரைப் பிள்ளை கையில் கொடுங்கள், இரண்டு மொழியிலும் அதன் பேரைச் சொல்லுங்கள், சொல்ல நேரம் கொடுங்கள் என்பேன். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று வெட்கப்படும் ஷாலினி போன்றவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: நீங்கள் மெதுவாகப் போகிற பாடத்தில்தான் பின்னால் வருகிற பிள்ளை உங்களை எட்டிப் பிடிக்கும். குணசேகரன் சார் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு நாங்கள் போவோம், கிறிஸ்துமஸுக்கு அவர் வருவார். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு இன்றைக்கும் “ஒரு சந்தேகம் டீச்சர்” என்பார்.

கோமதி இடைநிலைப்பள்ளி முடித்து, விவசாயம் படித்து, இப்போது பாரிட் புந்தாரில் வேலை செய்கிறாள். வயல்வெளிக்குப் போய் நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லும் வேலை. நாள் முழுக்கப் பேச்சுதான். அதை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக நானும் சேவியரும் அந்தப் பக்கம் போனபோது, வந்தே ஆக வேண்டும் என்று எங்களைத் தன்னோடு கூட்டிப் போனாள்.

வரப்போரத்தில் ஒரு பந்தலுக்குக் கீழே விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இரண்டொரு சீனர்கள், ஒரு தமிழர். கோமதி மலாயில் பேசினாள். இலை நுனி ஏன் காய்கிறது, எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும் என்று விளக்கினாள். நடுவில் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். முன்னால் இருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “தா அப்பா, பெலான்-பெலான்” என்றார். பரவாயில்லை, மெதுவாகச் சொல் என்று அர்த்தம். அவள் சிரித்துக்கொண்டே வார்த்தையை முடித்து அடுத்ததற்குப் போனாள். பிறகு அந்தத் தமிழருக்குத் தமிழில் ஒன்று சொன்னாள். சீனர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். “மூணு பாஷையில பேசுறியே, எதுலம்மா உனக்குச் சுலபமா வருது?”

அவள் சாலையைப் பார்த்தபடி யோசித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

“மூ... மூணுலயும் திக்குது டீச்சர்,” என்றாள். “ஆனா இதுவரைக்கும் யாரும் எழுந்து போனதில்ல.”